காந்தம் சொல்லும் சேதி

1965-இல் அறிமுகமான ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ பழசானாலும் கம்பீரம் குறையாத வண்டி. ஆனால் பார்த்த மயக்கத்தில் விலை பேசிவிடாதீர்கள். கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம், துருவேறாது. மற்றதெல்லாம் எஃகு. தனிச் சேஸிஸும் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. ஆகவே மண்டியிட்டு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டில் ஒரு காந்தத்தை வையுங்கள். பிடிக்காமல் நழுவினால் பெயிண்டுக்கு அடியில் இருப்பது வெறும் பட்டி. எஃகு எப்போதோ உதிர்ந்திருக்கும். சக்கர வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். தோல் இருக்கை வெடித்திருந்தாலும், வால்நட் பலகை (என்ன அழகான மரவேலை அது!) வெளுத்திருந்தாலும் கவலையில்லை, கைதேர்ந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். அடித்தகடு கெட்டியாக இருக்கிறதா? தாராளமாகச் செலவழிக்கலாம். அரித்துப்போன வண்டியை உதிரிப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.