முதல் முழுக்கு: ஹேவ்லாக்கிலும் நிலாவெளியிலும்

மன்னார் வளைகுடாவின் இரு கரைத் தமிழர்களும் நூற்றாண்டுக் கணக்கில் மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கி முத்தும் சங்கும் எடுத்தவர்கள். இந்தக் கரையில் தூத்துக்குடி, கீழக்கரை. அந்தக் கரையில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. ஆனால் பிழைப்புக்காக அல்லாமல் பார்க்கும் ஆசைக்காக, முதுகில் சிலிண்டர் மாட்டி மூழ்கக் கற்க நினைக்கும் இன்றைய தமிழர் அந்த வளைகுடாப் பக்கம் போவது அரிது. இந்தியப் பகுதியில் அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. நினைத்தபடி யாரும் இறங்கிவிட முடியாது. அதனால் சென்னைக்காரர் புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போகிறார். யாழ்ப்பாணத்தவரும் கொழும்பில் இருப்பவரும் திருகோணமலைக்கோ ஹிக்கடுவைக்கோ போகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கற்கும் பாடம் ஒன்றுதான். கற்கும் சூழல்தான் வெகுவாக வேறுபடுகிறது.

இலங்கைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் அங்கே குடியேறியதே கடலுக்கடியில் உலவும் ஆசையால்தான். அதே ஆண்டில் அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமி பாறைக்குக் கீழே, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் கல்தூண்களையும் சிதைவுகளையும் நீருக்குள் கண்டார்கள். 1961இல் வில்சன் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கியபோது ஒரு பழைய கப்பலின் சிதைவும் கட்டிக்கட்டியாக வெள்ளி நாணயங்களும் அகப்பட்டன. எல்லாம் ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்ட ரூபாய்கள். மறு ஆண்டே வில்சன் இயக்கிய ‘ரன் முத்து தூவ’, கடலடிக் காட்சிகளோடு முதல் சிங்கள வண்ணப்படமாக வெளிவந்தது. ராட்னி ஜொங்க்லாஸ் போன்ற உள்ளூர்ச் சுழியோடிகளும் அதே காலத்தில் பேர் பெற்றிருந்தார்கள். இந்தியாவில் லட்சத்தீவிலும் அந்தமானிலும் பொழுதுபோக்கு ஸ்கூபா வேரூன்றியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். பிந்தி வந்தாலும் பெருங்கூட்டத்தோடு வந்தது.

அந்தக் கூட்டத்தை ஹேவ்லாக் தீவில் காலை ஏழு மணிக்கே பார்க்கலாம். 2018 முதல் அரசு ஆவணங்களில் அது ஸ்வராஜ் தீவு; பேச்சு வழக்கில் இன்னும் ஹேவ்லாக்தான். தேனிலவுக்கு வந்த இணைகள், அலுவலக நண்பர் குழுக்கள், நீந்தவே தெரியாத அப்பாவும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் வெட்சூட் மாட்டி இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்கிறார்கள். வாயால் மூச்சுவிடுவது, மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை நீக்குவது, கையால் சொல்ல வேண்டிய நாலைந்து சைகைகள் என்று சிறிது நேரப் பயிற்சி. பிறகு ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்தபடி கூட்டிப்போகிறார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். படமும் வீடியோவும் எடுத்துத் தருவார்கள். கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் தார்கர்லியிலும் இதே ஏற்பாடுதான்.

முதல் முறை கோமாளி மீன் கண்ணெதிரே சாமந்தி போன்ற கடற்பூவுக்குள் நுழைவதைப் பார்த்தவர் அதை மறக்கமாட்டார். அந்த மகிழ்ச்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மேலே வந்ததும் அவர் ஸ்கூபா கற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். அவருடைய மிதப்பையும் காற்றையும் ஆழத்தையும் பார்த்துக்கொண்டது இன்னொருவர்.

இலங்கையிலும் இந்த ஒருநாள் முழுக்கு உண்டு. என்றாலும் ஹிக்கடுவை, உனவட்டுன, நிலாவெளி மையங்கள் வளர்ந்தது வாரக்கணக்கில் தங்க வரும் ஐரோப்பியப் பயணிகளை நம்பி. அவர்களுக்கு வேண்டியது சான்றிதழ். அதனால் அங்கே பேச்சு பெரும்பாலும் பயிற்சி வகுப்பில்தான் தொடங்கும். உள்ளூர்த் தமிழரோ சிங்களவரோ மாணவராக வருவது குறைவு. படகு ஓட்டுபவராகவும் சிலிண்டர் நிரப்புபவராகவும் நீருக்குள் வழிகாட்டுபவராகவும்தான் அதிகம் இருக்கிறார்கள். வாசலில் கடல் இருந்தும் கற்பதற்குப் பெரும்பாலும் வெளியூர்க்காரரே வருவது வருத்தமான நிலை. இந்த ஒன்றில் இந்தியா முந்திவிட்டது. பெங்களூரு, சென்னை, புனே இளைஞர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முழுப் பயிற்சிக்கும் போகிறார்கள்.

முழுப் பயிற்சி என்றால் பாடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளின் ‘ஓப்பன் வாட்டர்’ வகுப்பு. மூன்று நான்கு நாள். பாடம், நீச்சல் குளம் அல்லது அமைதியான ஆழமில்லா நீர், பிறகு கடலில் நான்கு முழுக்கு. பாடியின் வகுப்பில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். பத்து நிமிடம் மிதக்க வேண்டும். தேறினால், துணைக்கு ஒருவரோடு 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று உலகமெங்கும் செல்லும் அட்டை கிடைக்கும். சென்னைக்காரருக்கு ஒரு வசதி: பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துக் கடல் முழுக்குக்கு மட்டும் புதுச்சேரிக்குப் போகலாம். புதுச்சேரிக் கடலில் கான்கிரீட்டும் பாறையும் இரும்புக் கம்பியும் கொண்டு கோயில் வடிவில் கட்டிய செயற்கைப் பார் ஒன்று 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை. நீர்த் தெளிவு மட்டும் அந்தமானைப் போல் இருக்காது. மங்கலான நீரில் கற்றவருக்குத் தெளிந்த நீர் எளிது என்பதால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பருவக்காற்று விஷயத்தில் இலங்கை கொடுத்துவைத்த தீவு. தென்மேற்குப் பருவத்தில் ஹிக்கடுவை கொந்தளிக்கும்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே போகலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும் திறந்திருக்கும். ஒரு கரை மூடினால் மறு கரைக்குப் பேருந்திலோ ரயிலிலோ ஒரே நாளில் போய்ச் சேரலாம். இந்தியாவில் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் கர்நாடகத்தின் நேத்ராணிக்கும் நல்ல காலம் ஏறக்குறைய ஒன்றே: அக்டோபர், நவம்பர் தொடங்கி மே வரை. இதில் லட்சத்தீவுக்குப் போக இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும்.

கடலின் குணமும் வேறு. அந்தமானில் பவளப்பாறையே பிரதானம். இலங்கையில் நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவைச் சுற்றிப் பவளமும் சிறு சுறாக்களும் இருந்தாலும், உலகச் சுழியோடிகளை இழுப்பது மூழ்கிய கப்பல்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முழுக்கின் எல்லையே 40 மீட்டர்தான். ஹெர்மிஸைப் பார்க்கச் சிறப்புப் பயிற்சி வேண்டும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாப் பக்கத்தில் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது. ஓப்பன் வாட்டர் அட்டையோடு நிற்கும் புதியவருக்கு அதுகூட அடுத்த வகுப்புக்குப் பிறகுதான். “அட, ஆறு மீட்டர்தானே கூட” என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிட வேண்டும். காற்றை மட்டும் சுவாசிப்பவர் முதல் முழுக்கில் 18 மீட்டரில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் இருக்கலாம். 30 மீட்டரில் அது இருபது நிமிடமாகச் சுருங்கிவிடும்.

முழுக்குக்குப் பிந்தைய பயணத்தை இரு நாட்டிலும் பலர் யோசிப்பதில்லை. அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேற நேரம் பிடிக்கும்; அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அழுத்த நோய் வரலாம். ஒரு முழுக்குக்குப் பின் 12 மணி நேரமும், பல முழுக்குகளுக்குப் பின் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. அந்தமானிலிருந்து பெரும்பாலோர் விமானத்தில் திரும்புவதால் மையங்களே கடைசி நாளைக் காலியாக விடச் சொல்கின்றன. இலங்கையில் ஆபத்து சாலையில் இருக்கிறது. காலையில் ஹிக்கடுவையில் மூழ்கிவிட்டு மாலையில் 1,868 மீட்டர் உயர நுவரெலியாவுக்கு வேன் பிடிப்பது அங்கே சாதாரணச் சுற்றுலாத் திட்டம். முருதேஸ்வரத்திலிருந்து நேத்ராணிக்குப் போய்வந்து அன்றிரவே மலைத்தொடரைக் கடந்து, 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவுக்குப் பேருந்து ஏறுபவருக்கும் இதுவே கதை. விமானத்துக்கு விடும் இடைவெளியை மலைக்கும் விடுவதே சரி.

இனிக் கருவிகள். புதியவர் முதலில் வாங்க வேண்டியது மாஸ்க், வேறெதுவும் அல்ல. விலை உயர்ந்ததா என்பதைவிட முகத்தில் பொருந்துகிறதா என்பதே கேள்வி. கடையில் பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்துக் கையை எடுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நெற்றி முடி ஒரு இழை உள்ளே சிக்கினாலும் தண்ணீர் புகும். மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழே கசியும்; மீசையின் மேல் விளிம்பை மட்டும் கொஞ்சம் மழித்தால் தீர்ந்துவிடும். ஓரம் சிலிக்கானாக, கண்ணாடி உறுதியான டெம்பர்ட் வகையாக இருக்கட்டும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் பனி படர்ந்து எதுவும் தெரியாது. முகம் முழுவதையும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஸ்கூபாவுக்கு உதவாது. மூக்கைப் பிடித்துக் காதடைப்பை நீக்க அதில் வழியில்லை.

தனிச்சிறப்பான ஸ்கூபா கருவிகள் இரு நாட்டிலும் பெரும்பாலும் இறக்குமதிதான். வரி சேர்ந்து விலை ஏறிவிடுகிறது. இலங்கையில் தெரிவு இன்னும் குறைவு. அதனால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணனிடம் “வரேக்க ஒரு செட் கொண்டு வாங்கோ” என்று சொல்லி அனுப்புவது வழக்கம். டைவ் கம்ப்யூட்டரை அப்படி வரவழைக்கலாம். யார் கையில் கட்டினாலும் அது ஒரே வேலையைத்தான் செய்யும். மாஸ்க்கை அப்படி வாங்கவே கூடாது. முகம் கடைக்குப் போயே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர்தான் இரண்டாவது வாங்கல், அதுவும் அட்டை கிடைத்துத் தொடர்ந்து மூழ்கப்போவது உறுதியான பிறகு. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, ஏறும் வேகம் கூடினால் எச்சரிக்கும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை நினைவூட்டும். காலில் மாட்டும் ஃபின்ஸ் மூன்றாவது. படகிலிருந்து இறங்குபவருக்குப் பாதம் முழுவதையும் மூடும் வகை போதும். கல்லும் பவளத்துண்டும் கிடக்கும் கரையிலிருந்து நடந்து இறங்குவதானால் காலணியோடு போடும் திறந்த குதிகால் வகை நல்லது. 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான நம் கடல்களுக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் ஏராளம். கைகால் முழுவதையும் மூடுவதாக இருந்தால் வெயிலிலிருந்தும் சொறிமுட்டைகளிடமிருந்தும் காப்பாற்றும்.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும் மிதப்புச் சட்டையான பி.சி.டி.யும் சிலிண்டரும் வாடகைக்கே இருக்கட்டும். ஆனால் வாடகைப் பொருளைச் சோதிக்காமல் மாட்டக் கூடாது. சிலிண்டரின் தோளில் கடைசிச் சோதனைத் தேதி பொறித்திருக்கும், அதைப் பாருங்கள். வால்வைத் திறந்து காற்றை முகர்ந்தால் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வரக் கூடாது. அளவுமானியில் முள் 200 பார் அருகே நிற்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே இறங்கி மீண்டும் எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. பி.சி.டி.யை ஊதிவிட்டு ஒரு நிமிடம் காது வைத்தால் கசிவு தெரிந்துவிடும். தளர்ந்த பி.சி.டி. நீர்மட்டத்தில் கழுத்துவரை ஏறிக்கொள்ளும். தயங்காமல் சிறிய அளவு கேளுங்கள். இவ்வளவையும் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. “எல்லாம் சரியா இருக்கு சார், வாங்க” என்று அவசரப்படுத்தும் மையத்தில் பணம் கட்ட வேண்டாம்.

இந்த எச்சரிக்கைகள் வெளிநாட்டு நூல்களிலிருந்து வந்தவை மட்டுமல்ல. தூத்துக்குடியில் சங்கு எடுப்பவர்களும், இலங்கையில் சிலிண்டர் போட்டுச் சங்கும் கடலட்டையும் பிடிப்பவர்களும் கம்ப்யூட்டரும் இடைவெளியும் இல்லாமல் நாளுக்குப் பல முறை மூழ்கி மூட்டுவலியும் வாதமும் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை. இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். அழுத்த நோய் வந்தவரை ஏற்ற வேண்டியது அழுத்த அறையில். திருகோணமலையிலும் அந்தமான் தலைநகரிலும் அது கடற்படை வசம் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அங்கே போய்ச்சேர மணிக்கணக்கு ஆகும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே மையத்திடம் கேட்க வேண்டியவை: படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர், பாடத்தைத் தமிழில் விளக்க ஆள் உண்டா. புதுச்சேரியிலும் நிலாவெளியிலும் தமிழில் பேசும் ஆட்கள் கிடைப்பார்கள். காது வலிக்கும் கணத்தில் என்ன செய்வது என்பதைத் தாய்மொழியில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையில் தருவது மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போடுபவர்கள் இரு நாட்டிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்க ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நிலாவெளிக் கடல் செப்டம்பர் வரை திறந்திருக்கும், ஹேவ்லாக் கடல் மே வரை.