கொறடா ஆணையும் உறுப்பினரின் பொறுப்பும்

மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர் அவையில் அளிக்கும் வாக்கு அவருடையதா, அவருடைய கட்சியுடையதா என்ற கேள்விக்கு இந்திய அரசமைப்பு 1985 வரை விடை எதுவும் கூறாமல் இருந்தது. அவ்வாண்டு நிறைவேறிய 52ஆம் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அந்த விடையைக் கட்சியின் பக்கம் சாய்த்தது. இதன்படி, தம் கட்சியிலிருந்து தாமாக விலகும் உறுப்பினரும், கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் அல்லது வாக்கெடுப்பைத் தவிர்க்கும் உறுப்பினரும் பதவியை இழப்பர். கட்டளை மீறலைக் கட்சி 15 நாள்களுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். அந்தக் கட்டளையே கொறடா ஆணை. அவையில் கட்சியின் கட்டுப்பாட்டைக் காக்க அமர்த்தப்படும் உறுப்பினர் கொறடா எனப்படுகிறார்.

இச்சட்டம் வெறும் அதிகாரப் பசியால் பிறந்ததன்று. 1967ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பல மாநிலங்களில் அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன; அரியானாவின் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்திற்குள் மூன்று முறை கட்சி மாறினார். இந்நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஒய். பி. சவாண் குழு, மாநிலங்களில் கட்சி மாறிய 210 உறுப்பினர்களில் 116 பேர் தங்கள் தாவலால் உருவான அமைச்சரவைகளிலேயே இடம்பெற்றதைக் கண்டறிந்தது. கட்சி மாறுவோர் பதவியைக் காரணமாகச் சொல்வதில்லை, மனச்சான்றையே சொல்வர். உண்மையான மனச்சான்றையும் விலைபோன மனச்சான்றையும் வெளியிலிருந்து பிரித்தறியச் சட்டத்திடம் அளவுகோல் இல்லை. அந்த இயலாமையை ஒப்புக்கொண்டு, நோக்கத்தை ஆராயாமல் செயலை மட்டும் தண்டிப்பது என்று முடிவெடுத்ததில் ஒரு நேர்மை உண்டு. பெரும்பாலான வாக்காளர் சின்னத்தைப் பார்த்தே வாக்களிக்கின்றனர் என்பதால், அச்சின்னத்தால் வென்றவர் அதற்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆயினும் சட்டம் தனியொருவரின் மறுப்பைத் தண்டித்த அளவுக்குக் கூட்டுத் தாவலைத் தண்டிக்கவில்லை என்பதே அதன் பெருங்குறை. தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் அது பிளவு எனப்பட்டுப் பதவி பிழைத்தது. 2003இல் 91ஆம் திருத்தம் அந்த வழியை அடைத்தபோதும், மூன்றில் இரு பங்கினர் மற்றொரு கட்சியோடு இணையும் வழி திறந்தே விடப்பட்டது. 2019 ஜூலையில் கோவாவில் காங்கிரஸின் 15 உறுப்பினர்களில் மிகச் சரியாக 10 பேர் பாரதிய ஜனதாவில் இணைந்தனர். ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. கொள்கை காரணமாக ஒரே ஒரு மசோதாவை எதிர்த்துத் தனியே வாக்களிப்பவர் வீட்டுக்கு அனுப்பப்படுவதும், ஆள் திரட்டிக்கொண்டு அணி மாறுபவர்கள் அவையிலேயே அமர்வதும் ஒரே சட்டத்தின் விளைவுகள். தனித்துச் சிந்திப்பவரைவிடக் கூடிப் பேரம் பேசுபவருக்கே சட்டம் அரணாக நிற்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

இச்சட்டம் எவ்வாறு செயற்படுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டே போதிய சான்று. பிப்ரவரி 18 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட ஆளுங்கட்சியினர் 11 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். அவர்கள் பதவி இழக்கவில்லை, ஆகஸ்டில் பன்னீர்செல்வம் துணை முதலமைச்சராகவே ஆனார். அதே ஆகஸ்டில், முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கினார். அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் தப்பினர். அவைக்கு வெளியே கடிதம் கொடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளின் தீர்ப்பு மாறுபட்டு, மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக 18 தொகுதி மக்களுக்குப் பேரவையில் குரலில்லாமல் போனது. தீர்ப்பளிப்பவர் ஒரு கட்சியின் சார்பில் வென்று வந்த பேரவைத் தலைவராகவே இருக்கும்வரை இத்தகைய வேறுபாடுகள் எழுவது இயல்பு. மணிப்பூர் வழக்கொன்றில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இப்பொறுப்பைச் சார்பற்ற தீர்ப்பாயம் ஒன்றிடம் ஒப்படைப்பது பற்றி எண்ணிப் பார்க்குமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

இவற்றினும் ஆழமான கேடு ஒன்று உண்டு. எப்படி வாக்களிப்பது என்று உறுப்பினர் முடிவு செய்ய வேண்டியதில்லை என்றான பின், மசோதாவைப் படித்தறிய வேண்டிய தேவையும், தொகுதி மக்கள் கேட்டால் விடை சொல்லும் கடமையும் அவரிடமிருந்து மெல்ல நழுவுகின்றன. "கட்சியின் முடிவு" என்ற இரு சொற்களே எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாகிவிடுகின்றன. பிரிட்டனிலும் கொறடா உண்டு, ஆணை மீறினால் கட்சிக்குள் நடவடிக்கையும் உண்டு. ஆனால் 2003 மார்ச்சில் ஈராக் போரை எதிர்த்த திருத்தத்துக்கு ஆளும் தொழிற்கட்சியின் உறுப்பினர்கள் 139 பேர் ஆதரவளித்தபோது அதற்காக ஒருவரும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழக்கவில்லை. அவர்களைப் பற்றிய தீர்ப்பு வாக்காளரிடமே இருந்தது. இந்திய நாடாளுமன்றத்தில் அப்படியொரு வாக்கை அளிப்பதற்குப் பதவியே விலையாகும்.

கட்டுப்பாடு தேவையான இடம் எது என்பதில் பெரிய ஐயமில்லை. அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் உறுப்பினர் அணி மாறுவது வாக்காளருக்குச் செய்யும் துரோகம். ஒரு கல்வி மசோதாவில் மாறுபடுவது அப்படிப்பட்டதன்று. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு தகுதி நீக்கத்தைத் தாமாகக் கட்சி விலகுதல், நம்பிக்கை வாக்கெடுப்பு ஆகியவற்றோடு நிறுத்தப் பரிந்துரைத்தது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், அரசின் நிலைப்பையோ கட்சியின் அடிப்படைக் கொள்கையையோ தொடும் வாக்கெடுப்புகளுக்கே கட்டளை பொருந்த வேண்டும் என்று கருதியது. நிதி மசோதாக்களையும் சேர்த்து அந்த எல்லையைச் சட்டத்திலேயே எழுதி, கூட்டு இணைப்புக்கான விலக்கை நீக்கி, தீர்ப்பைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்துவிட நாடாளுமன்றம் முன்வர வேண்டும். மற்ற எல்லா மசோதாக்களிலும் உறுப்பினர் தம் பெயரில் வாக்களித்து, தம் தொகுதிக்குத் தாமே விடை சொல்லட்டும்.