பஸ் போர்டில் படித்த ழகரம்

ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் போதும். எங்கள் தெருவில் கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, பிள்ளைக்குப் புரியாத இடத்தில் அந்த நொடியே நின்று, புரிந்ததும் தாண்டிப் போனால் காலை இட்லிக்கும் பதினோரு மணி மோருக்கும் நடுவிலேயே அன்றைய பாடம் முடிந்துவிடுகிறது. மீதி நாள் முழுக்க நம் கையில். அந்த மீதி நாள் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது!

நாங்கள் வாத்தியார் குடும்பம் கிடையாது. வீட்டுக்காரர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். நான் பி.காம். படித்துவிட்டு வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு முடிந்திருக்கிறது. இரண்டு பேரும் இன்றுவரை பள்ளிக்கூடம் போனதில்லை. பாடப் புத்தகங்களைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்கிறோம். கதைப் புத்தகத்துக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. செல்போனில் படிக்க ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் குவிந்து கிடக்கின்றன. எங்கள் செலவில் பெரியது நோட்டும் பென்சிலும்தான்.

மூத்தவன் வாசிக்கக் கற்றது எங்கள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில். ஊர் ஊராக வந்து நிற்கும் வண்டிகளின் நெற்றியில்தான் எத்தனை எழுத்து! செங்கம் அவனுக்கு முதலில் வந்தது. அப்புறம் போளூர். வேட்டவலம் வந்த நாளில் இரட்டை ட் பிடிபட்டது. தண்டராம்பட்டு, அவலூர்பேட்டை, மணலூர்பேட்டை என்று நீளமான பெயர்களைக் கண்டால் குஷி. ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது, டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டு முழுசாக வாசித்தான். ழ், ன்னா, த்தூ எல்லாம் அந்த ஒரே பெயரில் இருக்கின்றன, நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வாசிப்பு திறக்கிற அந்தக் கணத்தில் பக்கத்தில் நான் நின்றேன் என்பதை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது. எந்த அம்மாவுக்கும் எந்த அப்பாவுக்கும் இது கிடைக்க வேண்டும்.

சின்னவளுக்குப் பின்னம் வந்தது என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில். மார்பளவு முப்பத்தாறு என்றால் துணியை நாலாக மடித்து ஒன்பது வைக்க வேண்டும், தையலுக்குத் தனியாக விட வேண்டும். டேப்பில் அரை இஞ்சுக் கோடு நீளம், கால் இஞ்சுக் கோடு அதைவிடச் சின்னது, அரைக்கால் அதைவிடச் சின்னது. ஆறு வயதுக் குழந்தைக்கு அரையில் பாதி கால் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. வெட்டிப் போட்ட துண்டுத் துணியில் அவள் தன் பொம்மைக்கு அளவெடுத்துச் சட்டை வெட்டுகிறாள். மூத்தவன் ஆயாவோடு உட்கார்ந்து மல்லாட்டையைப் படியால் அளந்து கொட்டுவான். எத்தனை படி உரித்தால் எத்தனை படி பருப்பு தேறும் என்று இருவரும் பந்தயம் வேறு.

ஆனால் எங்கள் பெரிய வாத்தியார் மலைதான்.

கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர் என்பது எல்லாருக்கும் தெரியும். எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம் என்பதும் தெரியும். அதைப் பிள்ளையோடு, பௌர்ணமிக் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? இந்திரலிங்கம் கிழக்கு, அக்னி தென்கிழக்கு, எமன் தெற்கு, நிருதி தென்மேற்கு, வருணன் மேற்கு, வாயு வடமேற்கு, குபேரன் வடக்கு, ஈசானியம் வடகிழக்கு. ஒவ்வொன்றிலும் நின்று, மலை எந்தப் பக்கம் இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்போம். ஒவ்வோர் இடத்திலும் மலை வேறு உருவம் காட்டும். வரைபட நோட்டில் பக்கத்துக்கு ஒரு மலையாக இருவரும் வரைவார்கள். திசையைச் சுவரில் மாட்டிய படத்தில் படித்தவள் நான். என் பிள்ளைகள் காலால் படித்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டி ஆட்டோவில் ஏற்றி இறக்கிவிட்டாலும் மலையைப் பார்த்த மாத்திரத்தில் நிருதி பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள்!

என் அம்மா வீடு ஆதி அண்ணாமலையில், மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் வீடு ஊருக்குள், மலைக்குக் கிழக்கே. ஒரு முறை அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு வந்ததும் மூத்தவன் கேட்டான்: “அம்மா, ஆயா வீட்ல சூரியன் லேட்டா வருது. நம்ம வீட்ல சீக்கிரமா போயிடுது. ஏன்?” அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பாடமே நடக்கவில்லை. ஒரு அரிசிக் குவியல், ஒரு டார்ச், இரண்டு தீப்பெட்டி வைத்து, மலை எப்படி ஒரு பக்கத்துக்குக் காலையையும் மறுபக்கத்துக்கு மாலையையும் மறைக்கிறது என்று அவனே செய்து காட்டினான். பெல் அடித்து அடுத்த பாடத்துக்குப் போகச் சொல்ல யாரும் இல்லை. ஒரு கேள்வி எவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறதோ அவ்வளவு நாளும் அதோடு இருக்கலாம். வீட்டுக்கல்வியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோபுரக் கணக்கையும் சொல்லாமல் விட மனமில்லை. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் பதினோரு நிலை, 217 அடி. மலை 2,668 அடி. அப்படியானால் எத்தனை கோபுரத்தை அடுக்கினால் மலை வரும்? 217ஐக் கூட்டிக்கொண்டே போய், பன்னிரண்டு கோபுரம் வைத்தும் 64 அடி மிச்சம் என்று கண்டுபிடித்தான். அவன் அப்பா ராத்திரி கடையிலிருந்து வந்து, “அந்த 2,668 கடல் மட்டத்துலேர்ந்துப்பா. நம்ம ஊரே சுமார் 170 மீட்டர் மேல உக்காந்திருக்கு” என்றார். மறுபடி முதலிலிருந்து கணக்கு. இந்த முறை பத்துக் கோபுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. “அப்போ கடல் எங்கேர்ந்து ஆரம்பிக்குது?” என்று சின்னவள் கேட்டதில் புதுச்சேரி பஸ்ஸுக்கு நாள் குறித்தோம்.

வடக்குக் கோபுரம் அவளுக்கு உயிர். வீடு வீடாகக் காசு கேட்டுச் சேர்த்து அம்மணி அம்மாள் என்ற ஒரு பெண் துறவி கட்டி முடித்த கோபுரம் அது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்த ராஜகோபுரத்தை விட அவளுக்கு அதுதான் பெரிசு. மூத்தவனுக்குப் பிடித்தது ரமணர் கதை. இங்கிலீஷ் இலக்கணத்தைப் பார்த்து எழுதச் சொன்ன நோட்டை மூடி வைத்துவிட்டு, பதினாறு வயதில் மதுரையிலிருந்து கிளம்பி, 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊரில் வந்து இறங்கிய பையன். மலையில் அவர் தங்கியிருந்த விரூபாக்ஷ குகைக்கு ஏறும்போதெல்லாம் அந்தக் கதையை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவான்.

என் சின்ன வயதில் மலை மொட்டையாக இருந்தது, கோடையில் புல் பற்றி எரியும். ஃபாரஸ்ட் வே அமைப்பினர் இருபது வருஷத்துக்கு மேலாக நாட்டு மரங்களை நட்டு, தீ பரவாமல் புல்லை வெட்டி இடைவெளி விட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். குகைக்குப் போகும் வழியில் இன்று நிழல் இருக்கிறது, பறவை இருக்கிறது. அவர்களோடு சேர்ந்தவர்கள்தான் கணத்தம்பூண்டியில் 2009இல் மருதம் பண்ணைப் பள்ளியைத் தொடங்கினார்கள். வயலும் மரமும் விளையாட்டும் படிப்பின் பகுதியாக நடக்கும் ஒரு பள்ளி நம் ஊரிலேயே இருப்பது எனக்குத் தந்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை. நான் படித்த புத்தகங்களில் டோட்டோ-சானையும், குஜராத் ஆசிரியர் கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவை’யும் தமிழில் தேடி வாங்குங்கள். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் வகுப்பறையில் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்துப் பார்த்தே வீட்டுக்கல்விப் பக்கம் வந்து, 1977இல் அதற்கென ஒரு பத்திரிகையே தொடங்கினார்.

வீட்டுக்கல்வி ஏதோ வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு தரம்பாலின் ‘அழகிய மரம்’ நூலைக் காட்டுவேன். 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டு எடுத்த பள்ளிக் கணக்கு அதில் இருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் பள்ளியில் படித்தவர்கள் 5,500 பேர் அளவில். வீட்டில் படித்தவர்களாகச் சொல்லப்பட்டவர்கள் 26,000க்கும் மேல்! அந்த எண்ணிக்கையில் பிழை இருக்கலாம், நிஜத்தில் அவ்வளவு இருக்காது என்று மன்றோவே எழுதிவைத்தார், ஆனாலும் வீட்டில் படிப்பவர்கள் ஏராளம் என்பதை அவர் மறுக்கவில்லை. பெரும்பாலும் ஆண் பிள்ளைகள் கணக்கு அது. இன்று என் மகள் டேப் பிடித்துப் பின்னம் படிக்கிறாள் என்பதில் எனக்கு இன்னும் கூடுதல் சந்தோஷம்.

“இன்னாம்மா, பசங்க இஸ்கூலுக்குப் போவலையா?” என்று பூக்காரம்மா கேட்பார். அடுத்தது, நாலு பேரோடு பழக வேண்டாமா என்ற கேள்வி. அந்தப் பூக்காரம்மாவோடுதானே என் மகள் தினமும் முழம் அளந்து பழகுகிறாள்! நூலக அக்கா, டெய்லர் மெட்டீரியல் கடை அண்ணன், ஆயாவின் மல்லாட்டைக் கூட்டாளிகள், சாயந்திரம் நாலரைக்கு வந்து சேரும் தெருப் பட்டாளம் என்று எல்லா வயதிலும் அவர்களுக்கு ஆள் இருக்கிறார்கள். ஊரில் எங்களைப் போலவே வீட்டில் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களோடு சேர்ந்தால் வீடு இரண்டுபடும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை என்று அதில் எழுதவில்லை. வீட்டுக்கல்வியைப் பற்றி அது பேசவே இல்லை. எனக்கு நிம்மதி தருவது 4ஆம் பிரிவு. ஆறு வயது தாண்டிப் பள்ளியில் சேராத பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. என் பிள்ளைகளில் யாராவது நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும் என்றால் யூனிஃபார்மை நானே தைத்துத் தருவேன். வீட்டிலேயே தொடர்ந்தால் பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பதினாலு வயதில் பத்தாம் வகுப்பும் எழுதலாம்.

இப்போது எங்கள் வீட்டில் வல்லாள மகாராஜா காலம் நடக்கிறது. ஹொய்சளர்களின் மூன்றாம் வீர வல்லாளன் இந்த ஊரைத் தலைநகராக வைத்திருந்தவர். பிள்ளையில்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாகி, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் திதி கொடுப்பார். சாமி ஏன் மனுஷனுக்குத் திதி கொடுக்கிறார், ராஜா எந்தப் போரில் செத்தார், ஹொய்சளர்களின் பழைய தலைநகர் துவாரசமுத்திரம் இங்கிருந்து எத்தனை நாள் நடை என்று கேள்விகள் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டன. மாசிக்குள் வரைபடத்தில் வழி குறித்துவிட வேண்டும் என்று மூத்தவன் தரையில் பேப்பரை ஒட்டிக்கொண்டிருக்கிறான். சின்னவளுக்கு ராஜா வேஷத்துக்குத் தலைப்பாகை வேண்டுமாம், சுற்றளவை அவளே எடுத்துவிட்டாள். இருபது இஞ்ச், தையலுக்குத் தனி.