நிற்காத ரயிலின் ஊரில் ஓர் இரவு

முதல் தடவை போனபோது அலன்ஸ்வொர்த் எனக்குப் பிடிக்கவில்லை. ஜூலை மாதம், மத்தியானம் இரண்டு மணி, வெயில் 43 டிகிரி. பூட்டிக் கிடந்த பத்துப் பதினைந்து மரவீடுகள், அவற்றுக்கு நடுவே புழுதி, தூரத்தில் ஒரு தண்டவாளம். பத்து நிமிடம் சுற்றிவிட்டுக் காருக்குள் ஓடி வந்து ஏசியைத் திருப்பிவிட்டோம். “இதுக்காப்பா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்றாள் மகள். எனக்கும் அதே கேள்விதான்.

பிறகு அங்கே இரண்டு முறை கூடாரம் போட்டு இரவு தங்கியாகிவிட்டது. இப்போது யாராவது கேட்டால், யோசெமிட்டிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே ஒரு ராத்திரி இருந்துவிட்டு வாருங்கள் என்கிறேன். கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

பள்ளத்தாக்கு என்றதும் நம் மனசில் மலையிடுக்கும் ஓடையும் வந்து நிற்கும். அலன்ஸ்வொர்த் இருக்கும் கலிஃபோர்னியாவின் சான் ஹ்வாக்கீன் பள்ளத்தாக்கில் அதைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். அது ஒரு தாம்பாளம். கிழக்கு விளிம்பில் சியரா நெவாடா மலை, மேற்கு விளிம்பில் கடலோரக் குன்றுகள், நடுவில் கண்ணுக்கெட்டிய மட்டும் பாதாம், பிஸ்தா, திராட்சை, பருத்தி, குதிரைமசால், பால் பண்ணை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஐந்தாம் எண் சாலையில் பறக்கிறவர்களுக்கு இது கொட்டாவி விட்டுக் கடக்கும் தூரம். ரசிக்க வேண்டுமானால் அந்தச் சாலையை முதலில் விடுங்கள். 99-இல் வந்து எர்லிமார்ட்டில் மேற்கே திரும்பலாம். அல்லது வாஸ்கோவிலிருந்து 43-ஆம் எண் சாலையில் வடக்கே ஏறலாம். எனக்குப் பின்னது பிடிக்கும். தண்டவாளம் கூடவே வரும். சாண வாடை வந்தால் கண்ணாடியை ஏற்றாதீர்கள். அமெரிக்கா குடிக்கும் பாலில் கணிசமான பங்கு இந்தத் துலாரி மாவட்டத்தில்தான் கறக்கிறது.

போகும் மாதம் முக்கியம். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கோடையில் தூசியும் புகையும் சேர்ந்து மலையையே மறைத்துவிடும். குளிர்காலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால், கிழக்கே பனி மூடிய சியரா, யாரோ திரையை விலக்கியதுபோல எழுந்து நிற்கும். அந்த மாதங்களுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ‘டூலி மூடுபனி’ என்பார்கள். டூலி என்பது இந்தப் பக்கத்துச் சதுப்பில் வளரும் கோரை. ஈர மண்ணிலிருந்து இரவில் கிளம்பும் இந்தப் பனியில் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. 2007 நவம்பரில் ஃப்ரெஸ்னோ அருகே 99-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஆகவே விடிகாலையில் கிளம்பாதீர்கள். பனி கலைகிறவரை டீ குடியுங்கள். கூடாரத்துக்குள் இருந்தபடி பார்க்கும்போது அதே பனி அவ்வளவு அழகு.

மாலை மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். கூடாரம் போட 15 இடங்கள்தான். மேசை உண்டு, தீ மூட்டும் வளையம் உண்டு, கூட்டம் கிடையாது. குடிநீரைக் கையோடு கொண்டு போவது என் வழக்கம். காரணம் கீழே வருகிறது.

இப்போது முளை அடிக்க வேண்டும். இந்த ஊரின் கதை எனக்கு முதலில் புரிந்தது இந்த இடத்தில்தான். அலுமினிய முளையை மண்ணில் வைத்துச் சுத்தியால் ஒரு போடு போட்டேன். முளை கொக்கியாக வளைந்தது, மண்ணில் கீறல்கூட விழவில்லை. இரண்டாவதும் அப்படியே. நம் ஊரில் களர் என்போமே, அதுதான்: மேலே உப்புப் பூத்த வெள்ளைத் தோல், கீழே சட்டி ஓடு மாதிரி இறுக்கம். பக்கத்துக் கூடாரத்துக் கறுப்பினப் பெரியவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் பாட்டிலை வாங்கி, முளை போக வேண்டிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். கால் மணி நேரம் விடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தம் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். கால் மணி நேரம் கழித்துக் கட்டைவிரலால் அழுத்தினாலே முளை இறங்கியது.

இந்த மண்ணில்தான் 1908-இல் ஓர் ஊரை எழுப்பினார்கள்.

ஆலன் அலன்ஸ்வொர்த் 1842-இல் கென்டக்கி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்துக் கற்றுக்கொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டு விற்கப்பட்டவர். உள்நாட்டுப் போரின்போது தப்பி வடக்குப் படையோடு சேர்ந்து, கடற்படையில் பணியாற்றி, பிறகு பாதிரியாரானார். 1886 முதல் கறுப்பினப் படைப்பிரிவொன்றுக்குச் சமய குருவாக இருந்து, சிப்பாய்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். 1906-இல் லெஃப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். அந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர் அவர். ஓய்வுக்குப் பின் ஈஸிசேரில் சாய்ந்திருக்கலாம். அறுபத்தாறு வயதில், பேராசிரியர் வில்லியம் பேய்னோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து, கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே ஆண்டுகொள்ள ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவில் கறுப்பினத்தவரே நிறுவி, பணம் போட்டு, நிர்வகித்த ஊர் இது ஒன்றுதான்.

வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். நடக்கக் கிளம்புங்கள். வெயில் சாய்ந்த நேரம் நல்லது, நிழல்கள் நீளும். இங்கே சுற்றுலாக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வீட்டுக்குக் காரில் போய், இறங்கி, பலகையைப் படித்து, படம் எடுத்து, மறுபடி ஏறுவது. நானும் அதைத்தான் செய்தேன். அப்படிப் பார்த்தால் இது சரியாகப் பராமரிக்காத ஒரு பொருட்காட்சி மாதிரிதான் தெரியும். நடந்து பாருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருநூறு முந்நூறு அடி வெற்று மண். அதற்குக் குறுக்கே அகலமான தெரு. தெருவுக்குப் பெயர் உண்டு. அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் பெயரில் ஒன்று, கவிஞர் டன்பாரின் பெயரில் ஒன்று, நாவலாசிரியர் ஸ்டோவின் பெயரில் ஒன்று. ஆள் நடமாட்டமில்லாத மண் தெருவுக்கு இத்தனை பெரிய பெயர்களா என்று சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது, பிறகு அடங்கியது. அந்த இடைவெளிகள் சும்மா விட்டவை அல்ல. அளந்து, மனை பிரித்து, வருவார்கள் என்று காத்திருந்த இடங்கள். அடுத்த வீட்டை நோக்கி நடக்கும்போது எத்தனை மனைகளைக் கடக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே போங்கள். என் மகள் எண்ணினாள். பதினொன்றில் விட்டுவிட்டாள்.

சாதாரண நாட்களில் பல வீடுகள் பூட்டியிருக்கும். கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு சன்னல் வழியே எட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அதிக நேரம் நில்லுங்கள். 1912-இல் கட்டியது, 1972 வரை வகுப்பு நடந்தது. சாயங்காலமானால் ஊர்க்கூட்டமும் பாட்டும் அதே கட்டடத்தில்தான். நூலகம் 1913-இல் வந்தது. கர்னலின் மனைவி ஜோசஃபின் தம் தாயின் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். கர்னல் தம் சொந்தப் புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்தார். தண்ணீர் சரியாக வராத ஊர், ஆனால் நூலகம் இருந்தது! எதை முதலில் கட்டினார்கள் என்று பார்த்தாலே அந்த மனிதர்களைத் தெரிந்துவிடுகிறது. வாசிக்கக் கற்றதற்காக விற்கப்பட்ட பையன் இவர் என்பதை மறந்துவிடாமல் அந்த அலமாரிகளைப் பாருங்கள்.

தண்ணீர்தான் இந்த ஊரின் தொண்டையில் சிக்கிய முள். நிலம் விற்ற நிறுவனம் போதுமான பாசன நீர் தருவதாகச் சொன்னது, தரவில்லை. குடியிருப்பு வளர வளர நீர்மட்டம் இறங்கியது, களர் ஏறியது. 1966-இல் கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பதாகத் தெரிந்து, மிச்சமிருந்தவர்களும் கிளம்பத் தொடங்கினார்கள். நான் தண்ணீர் கேன் தூக்கிப் போவது இதனால்தான். இதில் இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஊருக்கு மேற்கே, இன்று பருத்திக்காடாகக் கிடக்கும் இடத்தில்தான் துலாரி ஏரி இருந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பிக்கு மேற்கே பரப்பில் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. யோக்குட்ஸ் பழங்குடிகள் அதன் கரையில் கோரைப் படகு ஓட்டி மீன் பிடித்தார்கள். ஆறுகளைத் திருப்பி, வாய்க்கால் வெட்டி, ஏரியை விழுங்கி விவசாயம் செய்தார்கள். அவ்வப்போது ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்துவிடுகிறது: 1983-இல், 1997-இல், பிறகு 2023-இல். அந்தக் கடைசி வெள்ளத்தின்போது, இப்போது மாநிலப் பூங்காவாக இருக்கும் இந்த இடத்தை ஒட்டி இன்று வாழும் சுமார் 500 பேர், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த பண்ணைத் தொழிலாளர்கள், தண்டவாளத்துக்கு அடியில் போகும் மதகுகளைக் கையில் கிடைத்ததை வைத்து அடைக்கப் பார்த்தார்கள். தண்ணீருக்காகத் தவித்துக் கலைந்த ஊர், நூறு வருடம் கழித்துத் தண்ணீரைத் தடுக்க மூட்டை சுமந்தது.

இருட்டத் தொடங்கியதும் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போடுங்கள். ரயில் பார்க்கத்தான்.

இங்கே ரயில் பார்ப்பது மற்ற இடங்களைப் போல அல்ல. நிலம் தட்டையாக, பாதை நேராக இருப்பதால், முதலில் அடிவானத்தில் ஒரு நட்சத்திரம் போலத்தான் விளக்கு தெரியும். அது அசையாது. நிமிடக் கணக்கில் அங்கேயே நிற்பதுபோல இருக்கும். பிறகு தண்டவாளம் லேசாக முனகும். கடவுப்பாதையை நெருங்கும்போது ஊதல்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். அமெரிக்கா முழுக்க இதே தாளம்தான். தெரிந்துகொண்டால் தூக்கக் கலக்கத்திலும் அடையாளம் காணலாம். அடுத்த நொடி சரக்குப் பெட்டிகள் தடதடவென்று முகத்துக்கு நேரே. பிள்ளைகள் பெட்டி எண்ணட்டும். நூறைத் தாண்டும்.

சத்தம் அடங்கியதும் இதையும் யோசித்துப் பாருங்கள். இந்த ஊர் இங்கே அமைந்ததே இந்தத் தண்டவாளத்தை நம்பித்தான். சொலிட்டோ என்ற பெயரில் இங்கே ஒரு நிலையம் இருந்தது. ஊர்க்காரர்கள் பெயரை அலன்ஸ்வொர்த் என்று மாற்றச் சொன்னார்கள், ரயில்வே மாற்றவில்லை. நிலையத்தில் ஒரு கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை. 1914-இல் அருகிலுள்ள அல்பா ஊருக்குக் கிளைப்பாதை போட்டதும் சரக்கும் வியாபாரமும் அங்கே போயின. அதே வருடம் செப்டம்பரில், மன்றோவியா என்ற ஊரில் தெருவைக் கடந்துகொண்டிருந்த கர்னல்மீது மோட்டார் சைக்கிள் மோதி அவர் இறந்துபோனார். மறு வருடம், இங்கே ஒரு தொழிற்கல்விப் பள்ளி தொடங்கும் திட்டத்தைச் சட்டமன்றம் நிராகரித்தது. ஆளும் போய், ரயிலும் போய், பள்ளியும் போய், ஊர் ஒரேயடியாகச் சாகவில்லை, மெதுவாக வற்றியது. இங்கே சின்ன வயதில் வளர்ந்த எட் போப் என்பவர் பிறகு மாநிலப் பூங்காத் துறையில் வரைவாளராக இருந்தார். இந்த இடத்தைப் பூங்காவாக்க வேண்டும் என்று விடாமல் கேட்டது அவர்தான். 1976-இல் பூங்கா திறந்தது. இப்போது திருவிழா நாட்களில் மட்டும், பிப்ரவரி, மே, ஜூன், அக்டோபரில், பயணி ரயில் இங்கே நின்று ஆட்களை இறக்குகிறது. மற்ற நாளெல்லாம் ஊதிக்கொண்டே போய்விடும்.

இரவில் நட்சத்திரம் நிறையத் தெரியும், ஆனால் பாலைவன இருட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். தென்கிழக்கே டெலானோ பக்கம் வானம் மஞ்சளாக இருக்கும். அங்கே இரண்டு மாநிலச் சிறைகள். 1965-இல் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்ததும் அதே டெலானோவில்தான். அலன்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில் கட்டடமே இல்லாத களர்க்காட்டுக் காப்பிடம் ஒன்று இருக்கிறது. உழவு படுமுன் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமான சாட்சி அது. பூனையளவு உடம்பும் முயல் காதுமாக ஒரு குள்ளநரி அங்கே உண்டு என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. குளிர்காலமாக இருந்தால் மறக்காமல் பிக்ஸ்லி பறவைகள் காப்பிடத்துக்கு அந்தி நேரத்தில் ஒரு நடை போய் வாருங்கள். சாண்ட்ஹில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். மரக்கதவின் கீல் கிறீச்சிடுவதுபோல ஒரு குரல், ஆயிரம் கதவு ஒரே நேரத்தில் திறந்தால் எப்படியோ அப்படி.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று அடிக்கும் நாளில் மண்ணைத் தோண்டி விளையாட விடாதீர்கள். இந்தப் புழுதியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் ‘வேலி ஃபீவர்’ என்ற காய்ச்சல் வரும். சாப்பாட்டுக்குப் புளியோதரையே போதும். தட்டைத் திறந்து வைத்தால் அதிலும் புழுதிதான்.

காலையில் பனி இடுப்பளவு நின்றது. அதற்கு மேலே பள்ளிக்கூடத்தின் கூரை மட்டும். கூடாரத்தைப் பிரித்து முளைகளைப் பிடுங்கினேன். மூன்று வந்தன. நாலாவது அசையவே இல்லை. நேற்று ஊற்றிய ஈரம் ராத்திரியில் இறுகி, சிமென்ட் போட்டதுபோல அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் இன்னும் எழவில்லை. மகள் கேனைச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஒரு டம்ளர்தாம்ப்பா இருக்கு.”

“ஊத்தும்மா.”

ஊற்றினாள். கால் மணி நேரம் ஆகுமே என்று இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். வடக்கே, பனிக்குள், இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம்.