நன்றி: கூகுள்

தமிழில் படங்களுக்குக் கீழே அதிகம் தென்படும் குறிப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம். "நன்றி: கூகுள்." அடுத்த இடம் "படம்: இணையம்". கடிதம் எழுதியவரை விட்டுவிட்டு தபால்பெட்டிக்கு நன்றி சொல்வது மாதிரி இருக்கிறது இது. எழுதுபவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஏதாவது போட வேண்டும் என்ற மனசு இருக்கிறது, எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை. ஒன்றுமே போடாதவர்களையும், படத்தின் நட்டநடுவே தன் சேனல் பெயரை வாட்டர்மார்க்காக அடிப்பவர்களையும் பார்க்கும்போது இவர்கள் எவ்வளவோ தேவலை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் நானே நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அரண்மனை சிதைந்து கிடக்கிறது, கீழே "1900-ல் மதுரை" என்று எழுதியிருந்தது. அருமையான படம். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அந்த அரண்மனையைச் சீரமைக்கும் வேலை நடந்தது. சரி, 1900-லும் இப்படித்தான் கிடந்தது என்றால் அந்தச் சீரமைப்பு எந்த லட்சணத்தில் நடந்திருக்கும்? இப்படி யோசித்து, நேப்பியரை வாங்கு வாங்கென்று வாங்கி இரண்டு பத்தி எழுதிவிட்டேன். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் படித்துவிட்டு போன் செய்தார். "சார், அது ட்ரைப் எடுத்த படம். 1858. நேப்பியர் அப்ப இந்தியாவுக்கே வரலை."

ஒரே ஒரு வருடத்தைத் தப்பாகப் போட்டதில், சீரமைப்புக்கு முந்தைய நிலைக்கான சாட்சி, சீரமைப்பே சரியில்லை என்பதற்கான சாட்சியாகத் தலைகீழாக மாறிவிட்டது.

கேப்டன் லினேயஸ் ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் இருந்தவர். 1855-ல் பர்மாவில் படம் எடுத்தார், பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்கள், பெரிய கேமரா. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு இந்த ஊர் வெயிலில் அலைந்திருக்கிறார். அந்தப் படங்கள் தலைப்புகளோடும் விளக்கக் குறிப்புகளோடும் ஆல்பங்களாக வந்தன. அடுத்து வந்த ஆளுநர் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ட்ரைப் 1902-ல் இறந்தார். இன்று அவர் படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

"செத்து நூறு வருஷம் ஆச்சு, காப்புரிமை ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் 1957-ஆம் வருடச் சட்டப்படி படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. ட்ரைப் படங்களை யாரும் அச்சடிக்கலாம், விற்கலாம், டீ-ஷர்ட்டில்கூடப் போடலாம். யாரும் வழக்கு போடப் போவதில்லை. ஆனால் நான் பேசுவது உரிமை பற்றி இல்லை. பெயரும் வருடமும் படத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய தகவல்கள். அவை உதிர்ந்துபோனால் படம் அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இன்னொரு விஷயம். ட்ரைப் படங்கள் சிலவற்றில் வானத்தில் மேகங்கள் பிரமாதமாக இருக்கும். அவர் நெகட்டிவில் கையால் தீட்டியவை அவை! எடுத்தவர் யார் என்று தெரிந்தால்தான் இதைத் தேடிப் போய்த் தெரிந்துகொள்ள முடியும். தெரியாதவர் அந்தக் கால மதுரையின் மழைக்காலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாலும் எழுதிவிடுவார்.

தஞ்சாவூரில் அவர் செய்த ஒரு வேலையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வரும். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் கல்வெட்டுகளில் என்ன இருக்கிறது? தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தன் அரசியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில், அங்கே ஆடிய 400 பெண்களின் பெயரும், அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும்கூட இருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்று பேர் பேராகச் சொல்லும் சுவர் அது. அதைப் படம் எடுத்தவர் பெயரை மட்டும் நாம் ஃபார்வர்டு செய்யும்போது வெட்டிவிடுகிறோம்.

படங்களுக்காவது "தெரியாமல் போச்சு" என்று சொல்லலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது உள்ளே பொதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவல்களும் போய்விடும், அது நம் கையில் இல்லை. எழுத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் இருக்கும். பல கோப்புகளில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பதும் இருக்கும். இன்று ஆப்களிலும் தளங்களிலும் கிடைக்கும் இலக்கியத் தொகுப்புகள் பலவற்றில் முதலில் காணாமல் போயிருப்பது அந்தப் பக்கம்தான். எங்கள் தொழிலில் எம்ஐடி லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. அதுவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: என்ன வேண்டுமானாலும் செய்துகொள், இந்தக் குறிப்பை மட்டும் அழிக்காதே. அலுவலகத்தில் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிற அதே ஆட்கள்தான் வீட்டுக்கு வந்து சங்க இலக்கிய ஆப் செய்யும்போது முகப்பை வெட்டுகிறார்கள்.

இதனால் நஷ்டம் தட்டச்சு செய்தவருக்கு மட்டும் இல்லை. ஒரு பாட்டில் ஓர் எழுத்து இடிக்கிறது என்று வையுங்கள். அது பாடபேதமா, தட்டச்சுப் பிழையா, ஆப் செய்தவர் எழுத்துரு மாற்றும்போது நேர்ந்ததா? முகப்பு இருந்தால் பத்து நிமிடத்தில் மூலப் பதிப்பைத் தேடிப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் அந்தப் பிழை இருபது தளங்களில் இருப்பதே அது சரி என்பதற்கு ஆதாரமாகிவிடும். உ.வே.சா. தன் முன்னுரைகளில் ஏட்டுச்சுவடி கொடுத்தவர்களை ஊரோடு பேரோடு குறித்து வைத்ததை வெறும் பண்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எந்த ஏடு எங்கிருந்து வந்தது என்ற தடமும் அதில்தான் இருக்கிறது.

உயிரோடு இருப்பவர்கள் எடுத்த படங்கள் வேறு கணக்கு. விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கும் பல படங்கள் இலவசம்தான், ஆனால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. "படம்: விக்கிப்பீடியா" என்று போட்டால் அந்த நிபந்தனை நிறைவேறாது. விக்கிப்பீடியா கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவில்லை. நம் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, காப்புரிமையை விற்ற பிறகும் தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது.

நான் இப்போது செய்வது ரொம்பச் சாதாரணம். படம் கிடைத்ததும் டின்ஐயிலும் கூகுள் லென்ஸிலும் போட்டு, இருப்பதிலேயே பழைய, பெரிய பிரதியைத் தேடுகிறேன். பாதி நேரம் ஒரு நூலகப் பக்கத்தில் போய் முடியும். முடியாவிட்டால் "வாட்ஸ்அப்பில் வந்தது, எடுத்தவர் தெரியவில்லை" என்றே எழுதுகிறேன், அதை வைத்து வாதம் எதுவும் செய்வதில்லை. கட்டுரை என்றால் நாலு வரி சொல்லிவிட்டு சுட்டி கொடுக்கிறேன், முழுதாக அள்ளிப் போடுவதில்லை.

அந்த அரண்மனைக் கட்டுரையை நீக்கவில்லை. நேப்பியரைத் திட்டிய இரண்டு பத்திகளும் குறுக்கே கோடு போட்டபடி அங்கேயே இருக்கின்றன. படத்துக்குக் கீழே மட்டும் மாற்றியிருக்கிறேன்: "திருமலை நாயக்கர் அரண்மனை, மதுரை. எடுத்தவர்: லினேயஸ் ட்ரைப், 1858. முன்பு 1900 என்று தவறாகக் குறித்திருந்தேன்."