தாளில் ஓர் ஒத்திகை

கிகேட் மென்பொருளில் சர்க்யூட் போர்டு வரைபவர்களிடம் ஓர் அருமையான பழக்கம் உண்டு. போர்டைத் தயாரிக்க அனுப்பும் முன், ஃபுட்பிரிண்டுகளை, அதாவது பாகங்கள் அமரும் தடங்களை, 100 சதவீத அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கி வைத்த பாகங்களை அதன்மேல் பொருத்திப் பார்ப்பார்கள்.

திரை எதையும் பெரிதாக்கிக் காட்டும். தாள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். '0603' என்ற அளவுக் குறியீடு கொண்ட ரெசிஸ்டர், குறியீடு அங்குலக் கணக்கு என்றால் 1.6 மி.மீ. நீளம், மெட்ரிக் கணக்கு என்றாலோ வெறும் 0.6 மி.மீ. எதை வரைந்தோம், எதை வாங்கினோம் என்பது அங்கே வெட்டவெளிச்சம்.

தாளுக்கும் பிடிபடாத தவறு உண்டு. பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு அப்படியே தலைகீழ். இரண்டுக்கும் உருவம் ஒன்றே. அதற்கு டேட்டாஷீட்டை விரித்து, காலுக்குக் கால் விரல் வைத்துச் சரிபார்ப்பதே வழி. அந்தப் பொறுமையும் கைத்திறனில் சேர்த்திதான்.