பள்ளிக்கூட ஞாபகங்கள்

பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதாத எழுத்தாளர் தமிழில் அநேகமாக இல்லை. அதற்கு வேண்டிய சரக்கும் எல்லோரிடமும் ஒன்றுதான். ஒரு புங்கமரம், தண்டவாளத் துண்டில் அடித்த மணி, கையில் பிரம்பும் நெஞ்சில் கருணையுமாக ஓர் உபாத்தியாயர், வாசலில் இலந்தைப் பழம் விற்ற கிழவி. திருத்தணிக்காரர்களான எங்களுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் இந்த ஊரில் பிறந்து, இங்கே ஆரம்பக் கல்வி கற்று, 1962-இல் ஜனாதிபதியானவர். அவர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் கட்டுரைக்குக் கோபுரம் வைத்தது போல் ஆகிவிடும்.

நானும் அப்படி ஒன்று எழுதினேன். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. அந்தக் கட்டுரையைத்தான் இன்று விமரிசனம் செய்யப் போகிறேன். பிறர் எழுதியதைக் குறை சொல்வதைவிட இது நியாயம்.

அதில் இரண்டு வாக்கியங்கள் எனக்கே மிகவும் பிடித்திருந்தன. ஒன்று: ‘நாங்கள் வேலியில் ஏறிக் கோவை இலை பறித்து ஸ்லேட்டுத் துடைப்போம்.’ மற்றொன்று: ‘தமிழும் தெலுங்கும் கைகோத்து விளையாடிய வகுப்பு அது.’

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மலையடிவாரத்தில் பூ வாங்க நின்றேன். புஷ்பக் காவடிகளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நாலாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

“எழுதினியாமே, என் பொண்ணு படிச்சுக் காட்டினா. நல்லா இருந்துச்சுப்பா” என்றார். பிறகு நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, “கோவை இலை நீங்க எங்கே பறிச்சீங்க? முள்ளுக் குத்தும்னு யாரும் ஏறமாட்டீங்களே. நான்தானே பறிச்சுக் குடுப்பேன்?” என்று கேட்டார்.

கோபமே இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

மலையேறும்போது இரண்டாவது வாக்கியமும் நெருடத் தொடங்கிற்று. 1960 ஏப்ரல் முதல் தேதிவரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. எல்லை மாறியதால் வீடுகளில் பேச்சு மாறிவிடவில்லை. அவர் வீட்டில் தெலுங்கு. வகுப்பில் தமிழ்ப் பாடத்தை அவர் உரக்கப் படிக்கும்போதெல்லாம் உபாத்தியாயர் அதே உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தேன். நாலாம் வகுப்போடு அவர் நின்றுவிட்டார். பூக்கடையில் கை தேவைப்பட்டது என்பதும் உண்மை, சிரிப்பும் உண்மை. எது காரணம் என்று நான் கேட்கவில்லை. என் கட்டுரையில் இதுதான் ‘கைகோத்து விளையாடியது’.

பொய் எழுதவேண்டும் என்று நான் எழுதவில்லை. ‘நாங்கள்’ என்ற சொல் அந்த வேலையைச் செய்துவிட்டது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது நாம். வெளியே நிறுத்துவது நாங்கள். பள்ளி ஞாபகங்களில் வரும் ‘நாங்கள்’ இன்னொரு காரியமும் செய்கிறது. ஒருவன் பட்ட சிரமத்தை எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு, அவனை மட்டும் காணாமல் போக்கிவிடுகிறது.

இந்தக் கண்ணோடு நல்ல புத்தகங்களைத் திரும்பப் படித்தேன். ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல். அதில் ஏக்கமே கிடையாது. திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்கப் பிடிக்காத பையனோடு கதை தொடங்குகிறது. பிரம்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறானே, அந்த நிமிஷத்தின் பயம் கொஞ்சமும் இனிப்பாக்கப்படவில்லை. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திர’த்தில் படிப்பு ஊர் ஊராக அலைகிறது. தகப்பனார் சங்கீதத்தால் பிழைத்தவர். பிழைப்புக் கிடைத்த ஊரில்தான் பிள்ளைக்குப் பாடம். தமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை அவர் பெயர் சொல்லி நினைக்கிறார். ஒருவரையும் ‘நாங்க’ளுக்குள் கரைத்துவிடவில்லை.

அமெரிக்காவிலும் இந்த ஞாபக இலக்கியம் பெரியது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், எட்டு வகுப்பு என்று கிராமப் பள்ளியைப் பற்றி உருகாதவர்கள் அங்கே குறைவு. ஆனால் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1943-இல் எழுதிய புத்தகத்தில், பதினாறு வயது நிரம்பாமலே அப்படி ஒரு பள்ளிக்கு ஆசிரியையாகப் போன பெண் பயந்துகொண்டு நாட்களை எண்ணுகிறாள். அதை மறைக்காததால்தான் அவள் அடையும் சந்தோஷங்களையும் நம்புகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாமாவின் ‘கருக்கு’, 1992. அதிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, தென்னைமரமும் இருக்கிறது. ஆனால் அந்த மரத்தில் விளையாடிய சிறுமிமேல் தேங்காய் திருடியதாகப் பழி விழுகிறது. அவள் எந்தத் தெருப் பிள்ளை என்பதே சாட்சியாகிவிடுகிறது. பிறருடைய பள்ளி ஞாபகங்களில் மரம் நிழல்தான் தருகிறது. யாருக்கு நிழல் என்ற கேள்வி அந்த நூலைப் படித்த பிறகுதான் எனக்குத் தோன்றிற்று.

அப்படியானால் பழைய நாட்களை நினைத்து ஏங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக ஏங்கலாம். புங்கமர நிழலும் இலந்தைப் பழமும் பொய்யல்ல. நான் கேட்பதெல்லாம், எழுதி முடித்த பிறகு வருகைப் பதிவேட்டை ஒருமுறை மனத்தில் புரட்டிப் பார்க்கவேண்டும் என்பதுதான். ஐந்தாம் வகுப்பில் எந்தப் பெயர்கள் இல்லை? அவர்கள் கட்டுரையில் இருக்கிறார்களா?

மறுநாள் காவடிகள் படியேறின. எத்தனையோ மாலைகளில் எது அவர் கட்டியது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பழைய கட்டுரையும் இந்தத் தொகுதியில் இருக்கிறது. அதை நீக்கவில்லை, ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். ‘நாங்கள் பறித்து’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘அவன் பறித்துத் தர’ என்று இருக்கிறது. ‘கைகோத்து விளையாடிய’ வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அதைப் படிக்கும்போது நான் வெட்கப்படவேண்டும்.